மருதையன் வடக்கு நோக்கி நடந்த மூன்று நாள்

மருதையன் 1910-ஆம் ஆண்டு கோட்டுச்சேரியில் பிறந்தார். மகனுக்கு ஆறு வயதாகும்போது தகப்பனார் சோமசேகரன் விஷக்காய்ச்சலில் இறந்தார். 1934-இல் மருதையன் அஞ்சுகத்தை மணந்தார். நிலம் மூன்று மா, நஞ்சை. ஒரே மகன் நீலகண்டன் 1958-இல் பிரான்சுக்குப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்தான். 1977 நவம்பர் 12, சனிக்கிழமை விடியற்காலையில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரையேறியபோது மருதையனுக்கு வயது அறுபத்தேழு. அன்று அவர் வீட்டில் இல்லை. வீட்டிலிருந்து ஏறத்தாழ முப்பது மைல் தெற்கே, விழுந்தமாவடிக் கடற்கரையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை வீடு திரும்பினார்.

இந்தச் செய்திகளில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இடைப்பட்ட நாட்களில் அவர் செய்தது சரியா என்பதில்தான் உறவினருக்குள் இன்றுவரை ஒற்றுமை ஏற்படவில்லை.

மருதையன் கால் தரிக்காத மனிதர். சம்பா நடவு முடிந்துவிட்டால் மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு மழையைப் பார்த்து உட்காருவார்கள். மருதையனுக்கு அப்போதுதான் திருநள்ளாற்றில் ஒரு விசாரணை, மாயவரத்தில் ஒரு பஞ்சாயத்து, தரங்கம்பாடியில் யாருக்கோ துணை என்று வேலைகள் முளைக்கும். “எங்க வீட்டுக்காரரு ஊர்ல இருக்காருன்னா ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம்” என்று அஞ்சுகம் பக்கத்து வீட்டாரிடம் சொல்வது வழக்கம்.

அந்த ஆண்டு புரட்டாசியில் உழவுமாடு ஒன்று செத்தது. ஐப்பசி மழைக்கு நடுவே, சோடி சேர்க்க ஓர் உம்பளச்சேரிக் காளை பார்த்துவரப் போவதாக மருதையன் கிளம்பினார்.

“தை பொறக்கட்டுமே. இந்த அடமழையில மாடு வாங்கப் போற ஆளு வேற எங்கயும் இருக்க மாட்டான்” என்றாள் அஞ்சுகம்.

“தையில வெல ஏறிரும்.”

“ஏறட்டும். ஒங்க காலு எறங்கட்டும் மொதல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டினார். அது அவருடைய அண்ணன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது வாங்கிவந்த காக்கிக் கம்பளிக் கோட்டு. பித்தளைப் பொத்தான்களில் ஒன்று விழுந்துபோய், அதன் இடத்தில் ஒரு வெள்ளை எலும்புப் பொத்தான் தைத்திருந்தது. மழைக்காலத்தில் அந்தக் கோட்டு தெரு முனையில் தெரிந்தால் போதும், மருதையன் வருகிறார் என்று கோட்டுச்சேரியில் முகம் பார்க்காமலே சொல்வார்கள்.

உடன் போனவர் மாட்டுத் தரகர் செல்லக்கண்ணு. மருதையனைவிட இருபது வயது இளையவர். உம்பளச்சேரியில் பார்த்த காளைக்கு மயிர்ச்சுழி சரியில்லை என்று கைவிட்டு, இருவரும் கடற்கரை வழியாகத் திரும்பும்போது வெள்ளிக்கிழமை மாலை மழை வலுத்தது. சவுக்குத் தோப்புக் காவல்காரர் மாரிக்கண்ணு தம்முடைய குடிசையில் இடம் கொடுத்தார். மாரிக்கண்ணுவுக்குக் குளிர்காய்ச்சல், பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார். மருதையன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டுப் பொத்தான்களையும் தாமே மாட்டினார்.

“விடிஞ்சதும் குடுத்துடறேங்க” என்றார் மாரிக்கண்ணு.

“விடியட்டும், பாப்போம்.”

விடிவதற்குள் கூரை போயிற்று. சவுக்கு மரங்கள் தீக்குச்சிகளாய் முறிந்தன. பிறகு கடல் வந்தது. இடுப்பளவு, மார்பளவு என்று ஏறிய நீர் மூவரையும் மூன்று திசையில் எடுத்துக்கொண்டு போனது. மருதையன் ஒரு மணல்மேட்டுத் தாழம்புதரில் செருகப்பட்டுக் கிடந்தார். உடம்பெல்லாம் முள், வலக்கால் பாதத்தில் எதுவோ ஆழமாகக் கிழித்திருந்தது. சனிக்கிழமை முழுவதும் அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பொழுது சாயும்போது எழுந்து, விழுந்துகிடந்த தென்னையிலிருந்து ஓர் இளநீரைக் கல்லில் மோதி உடைத்துக் குடித்தார்.

ஞாயிறு காலையில் மேட்டின்மேல் நின்று பார்த்தபோது அவருக்கு ஊர் விளங்கவில்லை. முந்தாநாள் நடவு வயல் இருந்த இடமெல்லாம் கடல் கொண்டுவந்து கொட்டிய வெண்மணல். வரப்பு இல்லை, வாய்க்கால் இல்லை, வண்டித்தடம் இல்லை. பனைகள் பாதியில் ஒடிந்து நின்றன. மாடுகள் வயிறு உப்பிக் கிடந்தன. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. குளம் என்று ஒன்று தென்பட்டு, ஓடிப்போய் அள்ளி வாயில் வைத்தால் உப்பு. உழவு செய்த மனிதர் என்பதால் அவர் கண் தன்னையறியாமல் அந்த மணலின் கனத்தை அளந்தது. ஒரு முழம். இதை அள்ளி எடுக்க எத்தனை வண்டி வேண்டும், உப்பு இறங்க எத்தனை மழை வேண்டும் என்று எண்ணத் தொடங்கி, மேலே எண்ண மனமில்லாமல் நடந்தார்.

வழிகாட்ட ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கடல் இரைச்சல் வலக்கைப் பக்கம் இருக்கும்வரை வடக்கே போகிறோம் என்பது அவர் கணக்கு.

உச்சிப்பொழுதில் மேடான ஓரிடத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் தெரிந்தது. கூரை இல்லாத அந்தச் சுவர்களுக்கு நடுவே நூறு பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். ராசாத்தி என்ற ஒருத்தி, நனைந்த அரிசியில் கஞ்சி காய்ச்சிக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எந்த ஊரு பெரியப்பா?”

“காரைக்கால் பக்கம். கோட்டுச்சேரி.”

ராசாத்தியின் அகப்பை நின்றது. “ஐயோ, உங்க ஊருக்காரரு ஒருத்தர நேத்துத்தான் அடக்கம் பண்ணோம். காக்கிக் கோட்டு போட்டவரு. குப்புறக் கெடந்தாரு, மூஞ்சி மண்ணுல பொதஞ்சு போயி. கூட வந்த தரகரு கோட்டப் பாத்ததுமே ‘மருதையண்ணே’ன்னு தலையில அடிச்சிக்கிட்டாரு. திருப்பிப் பாக்கறேன்னாரு, நாங்கதான் வாணாம்னுட்டோம். பாக்குற மாதிரி இல்ல.”

“தரகரு எங்க?”

“மண்ணு போட்ட கையோட வடக்க ஓடிட்டாரு. வீட்டுல சொல்லணுமாம்.”

மருதையன் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தார். “நான்தாம்மா மருதையன்.”

சுற்றியிருந்தவர்கள் சற்றே நகர்ந்து உட்கார்ந்தார்கள். ராசாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாவை இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அச்சம் மரத்துப்போயிருக்க வேண்டும். “செத்தவருக்குப் பசி எடுக்குமா என்ன? குடிங்க. இன்னொரு அகப்ப ஊத்துறேன்” என்றாள்.

இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் வந்து மோதியிருந்தன. மாரிக்கண்ணு இறந்துவிட்டார். மருதையனும் இறந்துவிட்டார்.

அவர் விரல்விட்டு எண்ணினார். செல்லக்கண்ணு நல்ல நடையாளி. இந்நேரம் கோட்டுச்சேரியை எட்டியிருப்பார். செய்தி கிடைத்ததும் முதலில் வருபவர் அஞ்சுகத்தின் அண்ணன் வைத்தியலிங்கம். பஞ்சாங்கம் பாராமல் முகம்கூடக் கழுவாத மனிதர். அவர்கள் வழக்கத்தில் ஒரு துக்கம் இரண்டு மாதத்தைத் தொடக்கூடாது. மாதக் கடைசியில் சாவு விழுந்தால், பதினாறு நாள் என்று காத்திராமல், அடுத்த மாதம் பிறப்பதற்குள் காரியத்தை முடித்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஐப்பசி முப்பது, மாதக் கடைசி முழுக்கு நாளான கடைமுகம். புதன்கிழமை கார்த்திகை பிறக்கிறது. அப்படியானால் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் ஒரு கல்லை நிறுத்தி அதையே மருதையன் என்று வைத்துப் பிண்டம் போடுவார்கள். பிறகு வீட்டுக்கு வந்து அஞ்சுகத்தின் தாலியை வாங்குவார்கள். வாங்கிய தாலியை மறுபடி கட்டும் வழக்கம் அவர்களுக்குள் கேள்விப்பட்டதே இல்லை.

“இங்கேருந்து தந்தி ஏதும்...” என்று தொடங்கினார்.

“தந்திக் கம்பியெல்லாம் மண்ணுல கெடக்கு பெரியப்பா. காலுதான் தந்தி.”

தாலி வாங்குவது எப்படியிருக்கும் என்பதை அவர் ஒருமுறைதான் அறிந்திருந்தார், அதுவும் காதால். தகப்பனார் இறந்தபோது ஆறு வயதுப் பிள்ளையை மாட்டுக்கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல், தாயின் குரல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. அந்தக் குரலை அவர் எவரிடமும் விவரித்ததில்லை. ‘அப்புறம் அம்மா வேற மாதிரிப் பேசுனா’ என்று ஒரே ஒருமுறை அஞ்சுகத்திடம் சொல்லியிருக்கிறார்.

எழுந்து வடக்கே நடந்தார். விந்தி விந்தி ஒரு மைல் போயிருப்பார். அங்கே நின்றார்.

மாரிக்கண்ணு தம் வீட்டைப் பற்றி அன்றிரவு சொல்லியிருந்தார். திருப்பூண்டிக்கு மேற்கே, ஐயனார் கோயிலுக்கு அடுத்த குடியிருப்பு. மனைவி பெயர் அல்லி. இரண்டு பெண் குழந்தைகள். அந்த வீட்டுக்கு எவரும் செய்தி கொண்டு போகமாட்டார்கள். ஏனென்றால் கோட்டுக்குள் புதைக்கப்பட்டவர் மருதையன் என்று ஊருக்குத் தெரியும். ஆகவே மாரிக்கண்ணு எங்கும் சாகவில்லை. அல்லி பார்த்துக்கொண்டே இருப்பாள், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். ஒருத்தி கழுத்திலிருந்து தாலி பொய்யாக இறங்கப்போகிறது. இன்னொருத்தி கழுத்தில் பொய்யாகக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து அறிந்த ஆள் அந்த மணல்வெளியில் அவர் ஒருவரே.

கடலை வலக்கையில் வைத்தால் கோட்டுச்சேரி. முதுகில் வைத்தால் அல்லி. போக ஐந்து மைல், திரும்ப ஐந்து மைல், இந்தக் காலோடு.

வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு வந்து சொன்னால் என்ன என்று அவர் எண்ணிப் பார்த்தார். பத்து நாள் கழித்து வரலாம். நியாயமான யோசனைதான். அந்த யோசனையோடு வடக்கே இன்னும் நூறு அடி போனார். திரும்பினார். மறுபடி வடக்கே பார்த்தார். தாமே தம்மைத் திட்டிக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினார். அவரை அப்படித் திரும்பவைத்தது இரக்கமா, கோட்டைக் கொடுத்தவன் என்ற கடப்பாடா, ஓரிடத்துக்கு நேர்வழியில் போயே பழகாத அந்தப் பழைய கால்களா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. அவரும் சொன்னதில்லை.

ஐயனார் கோயிலின் மண்குதிரைகளில் ஒன்று மட்டும் நின்றிருந்ததால் இடம் தெரிந்தது. பொழுது மங்கிக்கொண்டிருந்தது. அல்லி, இடிந்த சுவருக்குள்ளிருந்து பானைகளை எடுத்து வெளியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாரிக்கண்ணு வீடு இதானேம்மா?”

“ஆமாங்க. அவரு தோப்புல இருக்காரு. நாளைக்கி வருவாரு.”

அவர் உட்கார்ந்தார். உட்காராமல் சொல்ல முடியாது என்று தோன்றிற்று. சொன்னார். கோட்டைப் பற்றியும், தவறாகக் கூவி அழுத தரகரைப் பற்றியும், தம்மைப் பற்றியும் எல்லாம் சொன்னார். அல்லி கையிலிருந்த பானையை இறக்கவே இல்லை.

“கோட்டு யாரு குடுத்தது?”

“நான்தாம்மா.”

“குளுராமப் போனாரா?”

“குளுரல. நடுக்கம் நின்னுருந்துச்சு.”

குழந்தைகள் இரண்டும் கிழவரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவள் பானையை இறக்கிவைத்து, பழந்துணி கிழித்து, மஞ்சள் குழைத்து அந்தப் பாதத்தைக் கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினாள். ஆனால் கட்டு தளரவில்லை.

“ஒங்க வீட்டுல இப்ப என்ன நடக்கும்?” என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

“அப்ப எதுக்குங்க இங்க வந்தீங்க? கெளம்புங்க. வெள்ளி மொளச்சதும் கெளம்புங்க. உக்காந்திருக்காதீங்க!” அவள் குரலில் கோபமே இருந்தது.

திங்கட்கிழமை அவர் வெள்ளையாற்றைக் கட்டுமரத்தில் கடந்தார், வேளாங்கண்ணியைத் தாண்டினார், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சத்திரத்தின் வாசலில் சுருண்டு படுத்தார். தூங்கினாரா என்பது ஐயம். கண்ணை மூடினால் ஆற்றங்கரையும் கல்லும் தெரிந்தன. வைத்தியலிங்கத்தின் குரல் கேட்டது: ‘நாழி ஆவுது, நாழி ஆவுது.’ இரவில் நான்கு முறை எழுந்து வானத்தைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சாலையில் மனிதர்கள் தென்பட்டார்கள். புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. கோடரிகள் வேலை செய்தன. பேருந்து ஏதும் இல்லை. நாகூர் செல்லும் வழியில் ஒரு லாரி ஊர்ந்துவர, மருதையன் நடுச்சாலையில் நின்று கையை நீட்டினார்.

“ஓரம் போங்க பெரியவரே. இது பொணம் ஏத்துற வண்டி.”

“நானும் செத்தவன்தான் தம்பி. கோட்டுச்சேரி மருதையன். வெசாரிச்சுப் பாரு. ஏத்திக்க.”

ஓட்டுநர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்றோ, சிரிப்பு இருமலாக முடிந்தது. “ஏறுங்க. முன்னால ஏறுங்க. செத்தவங்கள்ல பேசுற ஆளு நீங்க ஒருத்தர்தான்.” நாகூர்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டி மேற்கே திரும்பியது.

அங்கிருந்து வாஞ்சூர், திருமலைராயன்பட்டினம், காரைக்கால். சூரியன் உச்சியைத் தாண்டியபோது அவர் திருமலைராயன்பட்டினத்தில் இருந்தார். அரசலாற்றுப் பாலத்தில் கால் வைத்தபோது நிழல் நீண்டிருந்தது. பாலத்தின்மேல் ஒரு கணம்கூட நிற்கவில்லை. கட்டு அவிழ்ந்து இழுபட்டது. அதைக்கூடக் குனிந்து கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீணான பத்து மைலை அவர் திரும்பத் திரும்பக் கணக்கிட்டார். அது இல்லையென்றால் உச்சிக்கே வந்திருக்கலாம். ‘வீண்’ என்ற சொல் மனத்தில் எழுந்ததும் அல்லியின் முகம் தோன்றும். அந்தச் சொல்லைத் தள்ளுவார். சற்றுத் தொலைவு போனதும் அது மறுபடி வரும்.

கோட்டுச்சேரித் தெருவுக்குள் அவர் நுழைந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள். முதலில் பார்த்த பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் பாடை முடைந்த மூங்கில் ஏதும் இல்லை. ஈர வேட்டியோடு வைத்தியலிங்கம் நின்றிருந்தார். அவர் காலடியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, கோட்டு...” என்றார் செல்லக்கண்ணு.

“மாரிக்கண்ணுடா அது.” மருதையன் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். “மச்சான், முடிஞ்சிருச்சா?”

வைத்தியலிங்கம் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார். “மாசம் பொறக்குதே மாப்ள” என்றார். “நாழி பாத்துத்தான் செஞ்சோம். ஒரு நாழிக ஆச்சு.”

உள்ளறையில் அஞ்சுகம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை தோள்மேல் போட்டபடி கிடந்தது. அருகே ஒரு கிண்ணத்தில் பால்; பாலுக்குள் தாலி. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் இருமினார். அவள் திரும்பவில்லை.

“ஒரு நாழிக முன்ன வந்திருக்கப்படாதா?” என்றாள் சுவரிடம்.

“வந்திருக்கலாம்” என்றார் அவர். மறைக்க அவருக்குத் தெரியாது. அல்லியைப் பற்றியும் பத்து மைலைப் பற்றியும் நின்றபடியே சொன்னார்.

அதன்பிறகுதான் அவள் திரும்பினாள். “அந்தப் பொண்ணுக்கு வயசு என்ன இருக்கும்?”

“முப்பது இருக்கும்.”

“புள்ளைங்க?”

“ரெண்டு பொண்ணு.”

அவள் எழுந்தாள். வெந்நீர் போட்டுக் காலைக் கழுவினாள்.

மறுநாள் கார்த்திகை முதல் நாள். கடைமுகத்துக்கு வந்துசேர முடியாமல் தாமதித்த முடவனுக்காகக் காவிரியில் ஒரு நாள் கூடுதலாகப் புண்ணியம் கிடைக்கும் என்று சொல்லப்படும் முடவன் முழுக்கு. தெருவில் அதை வைத்துக் கேலி பேசாதவர் இல்லை. வைத்தியலிங்கம் மட்டும் கேலி பேசவில்லை. விடியுமுன்பே ஐயரிடம் போய்வந்தார்.

“மாப்ள, வழி இருக்கு. செத்தவரு திரும்பி வந்தா புதுசாப் பொறந்ததாக் கணக்காம். தொட்டில்ல போட்டுப் பேரு வைக்கணும். அப்பறம் மொற தவறாம மறுபடி தாலி கட்டணும். இன்னிக்கே நல்ல நாளு.”

“அறுவத்தேழு வயசுல தொட்டிலா?” என்று யாரோ கூட்டத்தில் சிரித்தார்கள்.

“கயிறு தாங்குமா, பாத்துக் கட்டுங்க” என்றது இன்னொரு குரல்.

மருதையன் சிரிக்கவில்லை. தொட்டிலில் படுக்கவும் அவர் தயாராக இருந்தார். “அஞ்சுகம், என்ன சொல்ற?” என்றார்.

அடுப்படியிலிருந்து அஞ்சுகம் வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. முந்தைய நாள் அதை அழித்தவர்களே எதிரில் நின்றார்கள்.

“பேரு வைக்கிறதுன்னா வைச்சுக்குங்க. தாலி வாணாம்.”

“என்ன பேச்சு இது? புருஷன் உசுரோட...”

“உசுரோடதான் இருக்காரு. அது எனக்குத் தெரியும்ண்ணே. சோறு ஆறுது, எல்லாரும் சாப்புட வாங்க.”

அவ்வளவுதான். அதன்மேல் அவளை எவராலும் அசைக்க முடியவில்லை. தாலியை அவளே கழுவித் துடைத்து, அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்த மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

வெறும் கழுத்தும் குங்கும நெற்றியுமாக அவள் கோட்டுச்சேரியில் நடமாடியது சிறிய செய்தி அல்ல. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறினார்கள். சில வீட்டில் அழைப்பையே நிறுத்தினார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. பொறுக்க முடியாமல் தவித்தவர் மருதையன்தான். அவள் குனிந்து கோலம் போடும்போது அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வயலுக்குப் போவார். போன வேகத்தில் திரும்பிவருவார். மாயவரம், தரங்கம்பாடி எல்லாம் நின்றுபோயின. ஒரு நாளுக்கு நாற்பது தடவை வீட்டுக்கும் களத்துக்குமாக நடந்தாரே தவிர, அதன்பின் ஒரு பொழுதும் அவர் வெளியூரில் தங்கவில்லை. பத்து மைல் தாமதத்துக்கு அவள் கொடுக்கும் தண்டனை இது என்று அவர் நினைத்தார். 1978-ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கன்று, ஊர்ப் பெண்களெல்லாம் ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டபோது, ஒரு மஞ்சள் கயிற்றை வாங்கி மடியில் முடிந்துவந்தார். அவள் அதை வாங்கிப் பார்த்து, “நல்ல கயிறு” என்று சொல்லி, புடலங்கொடிக்குக் கட்டினாள்.

அல்லியைத் தேடி அவர் மறுபடி போனாரா என்பதற்குச் சான்று இல்லை. 1979-இல் திருப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து ஒரு வேளை இருந்து போனதாகச் செல்லக்கண்ணு சொன்னதுண்டு. அஞ்சுகம் அதை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

1984-இல் மருதையனுக்கு மார்வலி வந்தது. தேறி எழுந்ததும் அவர் கேட்டார். ஏழு ஆண்டாக நேராகக் கேட்காத கேள்வி.

“இன்னும் கோவம் தீரலயா ஒனக்கு? அன்னிக்கி நான் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனது...”

அஞ்சுகம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்தாள். “அடப்பாவி மனுசா. அதுவா இத்தன வருசமா மனசுல ஓடிக்கிட்டிருக்கு? நீங்க போவாம வந்திருந்தா, நான் ஒங்கள உள்ள விட்டிருக்க மாட்டேன்.”

“பின்ன?”

“அன்னிக்கி ஏழு பேரு என்னப் பிடிச்சிக்கிட்டாங்க. எனக்குப் பொணத்தக் காட்டுங்க, அப்பறம் எடுங்கன்னு சொன்னேன். கத்துனேன். மாசம் பொறக்குது, மாசம் பொறக்குதுங்கறாங்களே தவிர, ஒருத்தர் காதுலயும் விழல. எங்கண்ணன் வாசல்ல நின்னு நாழி பாக்குறாரு.” அவள் மூச்சு வாங்கினாள். “நீங்க மறுபடி கட்டுனா, மறுபடி ஒரு நாளு அந்த ஏழு பேரும் வருவாங்க. உண்மையாவே வருவாங்க. இப்ப அவங்களுக்கு இங்க வேல இல்ல. ஒங்க மேல இருக்கற கோவத்துல இல்லீங்க. அவங்களுக்கு நான் வச்ச பூட்டு அது.”

அவர் எழுந்து களம்வரை போய்வந்தார். வந்து, புடைத்த அரிசியைப் பானையில் கொட்ட ஒரு கை பிடித்தார்.

1987 பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை பிற்பகல், களத்திலிருந்து திரும்பிவந்து, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் மருதையன் இறந்தார். இந்த முறை உடல் வீட்டிலேயே இருந்தது. முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். எண்பது வயது வைத்தியலிங்கம் தடியூன்றிக் கோடிப் புடவையோடு வந்தார். பின்னால் பெண்கள் வந்தார்கள். முன்பு வந்தவர்களில் ஐந்து பேர் அவர்களுள் இருந்தார்கள்.

அஞ்சுகம் எழுந்து புடவையைக் கையில் வாங்கிக்கொண்டாள். “குடுங்கண்ணே, நல்ல பொடவ, உடுத்திக்கிறேன். மத்ததுக்கு ஒங்களுக்கு நாழி பாக்குற வேல இல்ல. வந்தவங்கள உக்காரச் சொல்லுங்க, அவரோட இருக்கட்டும்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

காரியம் நடந்த 1977 நவம்பர் 15 முதல் அன்றுவரை, தாலியின்றி அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒன்பது ஆண்டு, இரண்டு மாதம், பத்தொன்பது நாள்.